தென்னந்தோப்பில் உட்கார்ந்து ஓட்டும் ரயில்: டெல்டா களிமண்ணில் 7¼ அங்குலப் பாதை போடுவது எப்படி?

கேள்வி இது: நீடாமங்கலம் பக்கம் 3 மா தென்னந்தோப்பு இருக்கிறது. மூன்று பக்கமும் நடவு வயல், பூமி களிமண். பெரியவர்களும் பிள்ளைகளும் மேலே உட்கார்ந்து போகிற சின்ன ரயிலைச் சொந்தமாகச் செய்து ஓட்ட வேண்டும். எந்த கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி), எந்த இன்ஜின், எதை முதலில் செய்வது?

முதலில் மண் வேலை, அடுத்து தண்டவாளம், அதற்கடுத்து பெட்டி, கடைசியில் இன்ஜின். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஜினை ஆசையாகச் செய்து முடித்துவிட்டு, பாதையை வரப்பு ஓரத்தில் அவசரமாகப் போடுகிறார்கள். ஐப்பசி மழையில் பாதை ஒரு பக்கமாக அமுங்கும், வண்டி தடம் புரளும், ஆசை அதோடு போய்விடும். பாறைப் பூமியில் இந்த வரிசை மாறினால் சமாளிக்கலாம். காவிரிக் களியில் முடியாது.

கேஜ் விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். உலகம் முழுக்க ஆட்கள் ஏறி ஓட்டும் சின்ன ரயில்களில் 3½, 5, 7¼ அங்குலம் என்று மூன்று அளவுகள் அதிகம் புழங்குகின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் இடுப்பு உயரத் தூண்களின் மேல் போடப்படுபவை. களிமண்ணில் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு விதமாக இறங்கும், அதனால் அவை நமக்கு வேண்டாம். தரையோடு போடத் தகுந்தது 7¼ அங்குலம், அதாவது 184 மி.மீ. அமெரிக்காவில் பெரும்பாலும் இதற்குப் பதிலாக 7½ அங்குலம், அதாவது 190.5 மி.மீ. பழக்கத்தில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் இலவச வரைபடங்களில் நிறைய அந்த அளவுக்கானவை. சக்கர வரைபடம் ஒரு இடத்திலிருந்தும் பாதை வரைபடம் வேறொரு இடத்திலிருந்தும் எடுத்தால் 6 மி.மீ.க்கு மேல் இடிக்கும். 15 அங்குலம் என்பது 1874-ல் இங்கிலாந்தின் டஃபீல்ட் பேங்கில் ஆர்தர் ஹேவுட் போட்ட பாதையிலிருந்து வரும் தனி மரபு. அது தோட்டத்துக்கான அளவு இல்லை, பூங்காவுக்கானது.

எந்த ரயிலைப் பார்த்துச் செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் உட்காரும் முறையே அதனால் மாறுகிறது. நம் ஊர்ப் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 184-க்குச் சுருக்கினால் 9.1-ல் ஒரு பங்கு. 3.25 மீட்டர் அகலப் பெட்டி 36 செ.மீ. ஆகிவிடும், அதன்மேல் குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார முடியும். மீட்டர் கேஜைச் சுருக்கினால் 5.4-ல் ஒரு பங்குதான். 2.74 மீட்டர் அகலப் பெட்டி 50 செ.மீ.க்கு வரும், உள்ளே இறங்கி உட்காரலாம். தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர் மண்ணில் பல தலைமுறை பார்த்து வளர்ந்தது மீட்டர் கேஜ் ரயில்தான். அந்தப் பாசம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. எந்த வகையானாலும் இருக்கையின் உயரம் தண்டவாளத்திலிருந்து 36 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அது கேஜின் இரண்டு மடங்கு. அதற்கு மேல் போனால் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து மொபைலில் படம் எடுத்தாலே பெட்டி கவிழும்.

இனி இடம். 3 மா என்பது ஏறத்தாழ ஒரு ஏக்கர். 15 மீட்டர் ஆரத்தில் இரண்டு அரைவட்டம், நடுவே 30 மீட்டர் நேர்ப்பாதை இரண்டு என்று வைத்தால் சுற்று 154 மீட்டர் வரும். ஓரத்தில் 2 மீட்டர் விட்டாலும் 54 சென்ட்டில் அடங்கும். பேட்டரி இன்ஜினுக்கு 10 மீட்டர் ஆரம்கூடப் போதும். ஆனால் ஆரம் குறையக் குறைய இழுவை கூடும், சக்கரத்தின் விளிம்பும் தேயும். 15-ஐ விட்டு இறங்காதீர்கள்.

தோப்பில் வளைவு போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டவெளியில் நடுவில் முளை அடித்து, 15 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றி வந்தால் வட்டம் கிடைத்துவிடும். 25 அடிக்கு ஒரு மரம் நிற்கும் தோப்பில் கயிறு மரத்தைச் சுற்றிக்கொள்ளும். அதனால் நாணிலிருந்து நாணாகப் போகும் முறையைப் பிடியுங்கள். நேர்ப்பாதை முடியும் முளையிலிருந்து அதே கோட்டில் 2 மீட்டர் நீட்டி, அங்கிருந்து உள்பக்கம் 133 மி.மீ. தள்ளி முளை அடியுங்கள். அடுத்து, கடைசி இரண்டு முளைகளை இணைக்கும் கோட்டை மேலும் 2 மீட்டர் நீட்டி, உள்ளே 267 மி.மீ. தள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முளைக்கும் அதே 267 தான். அரைவட்டத்துக்கு 24 முளை வரும். ஒரே பக்கமிருந்து போனால் ஒவ்வொரு முளையின் பிசகும் அடுத்ததில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு முனைகளிலிருந்தும் வந்து நடுவில் சந்தித்து, மிச்சம் வரும் வித்தியாசத்தை நடு ஐந்தாறு முளைகளில் பகிர்ந்துவிடுங்கள். சரிபார்க்க 2 மீட்டர் நூல் போதும்: வளைவில் நூலை இழுத்துப் பிடித்தால் நடு இடைவெளி 33 மி.மீ. இருக்க வேண்டும். நேர்ப்பாதையும் வளைவும் சேரும் முதல் 3 மீட்டரில் மட்டும் அது 8, 16, 25 என்று ஏறி 33-க்கு வரட்டும். திடுக்கென்று வளைந்தால் பெட்டி உதறும். இப்படி இளக்குவதால் வளைவு இரண்டு மூன்று செ.மீ. உள்ளே நகரும். மரத்துக்கான இடைவெளியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் அடியிலிருந்து பாதையின் நடுவுக்கு 2 மீட்டர் விடுங்கள். தென்னையின் வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் நெருக்கமாக ஓடுகிறது. அங்கே மேட்டுக்கு மண் வெட்டினால் மரம் வாடும். மேலேயிருந்து விழும் நெற்றும் மட்டையும் அதைவிட ஆபத்து. 45 நாளுக்கு ஒரு முறை தேங்காய் வெட்டும் வழக்கத்தை ரயில் ஓட்டும் நாளோடு கட்டிப்போடுங்கள்: வெட்டு முடிந்து, காய்ந்த மட்டையும் இறக்கிய பிறகுதான் ஆட்களை ஏற்றுவது. காற்று பலமாக அடிக்கும் நாளில் ஓட்டவே வேண்டாம்.

மண்ணுக்கு வருவோம். டெல்டாக் களி ஈரத்தில் வீங்கும், கோடையில் சுருங்கி உள்ளங்கை அகலத்துக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு பாதைக்குக் குறுக்கே வந்தால் ஜல்லி உள்ளே இறங்கிவிடும். மழையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மேல் பாரம் வரும்போதெல்லாம் அடியில் உள்ள சேறு பம்ப் அடித்ததுபோல் ஜல்லி வழியாக மேலே ஏறும். ஒரு மழைக்காலத்தில் ஜல்லி முழுக்கச் சேறாகிவிடும், அதன் பிறகு அது தண்ணீரை வடிக்காது. இதைத் தடுக்க மூன்று காரியம் செய்ய வேண்டும், ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

ஒன்று, உயரம். சம்பாப் பருவத்தில் பக்கத்து வயலில் தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கிறது என்று ஒரு மரத்தில் பெயிண்டால் குறித்து வையுங்கள். பாதையின் மண்மேடு அதற்கு மேலே குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும். மேட்டின் தலை அகலம் 90 செ.மீ., இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு, அடி அகலம் 1.8 மீட்டர். தரையிலிருந்து 30 செ.மீ. உயர மேடு என்றால், 154 மீட்டருக்குக் கெட்டித்த மண் 62 கன மீட்டர் வேண்டும். உதிரியாக வரும் மண் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 78 கன மீட்டர், லாரிக் கணக்கில் 27, 28 யூனிட். இதற்குத் தோப்புக் களியையே வெட்டிப் போடாதீர்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவல் போன்றதை இறக்கி, 15 செ.மீ. கனமாகப் பரப்பி, லேசாக நனைத்து இடித்து, அதன்மேல் அடுத்த 15 செ.மீ. போடுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருளை ஓட்டினால் அடியில் உதிரியாகவே நிற்கும்.

அடிக்களி ரொம்பப் பொல்லாததாக இருந்தால், மேடு போடுவதற்கு முன் மேல் 15 செ.மீ. களியைக் கிளறி, நீற்றிய சுண்ணாம்பை எடைக்கு 4 சதவீதம் கலந்து இடித்துவிடலாம். களியின் வீக்கமும் ஒட்டலும் நன்றாகக் குறையும். நம் 154 மீட்டரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 2.2 டன் சுண்ணாம்பு, 50 கிலோ மூட்டையில் 45 பிடிக்கும். முகத்தில் துணி, கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் இதில் இறக்காதீர்கள்.

இரண்டு, நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில். மேட்டின் தலை முழுக்க இதை விரித்து அதன்மேல்தான் ஜல்லி. தண்ணீர் இறங்கும், சேறு ஏறாது. தார்பாலினோ உரச்சாக்கோ இதற்கு மாற்றாகாது: முன்னது தண்ணீரையே நிறுத்திவிடும், பின்னது நாளடைவில் இற்றுப் போகும். கோரை மட்டும் இந்தத் துணியையும் குத்திக்கொண்டு வரும். அதன் கிழங்கை மேடு போடுவதற்கு முன்பே தோண்டி எடுத்தால்தான் உண்டு.

மூன்று, வடிகால். மேட்டின் இரண்டு பக்க அடியிலும் 200-க்கு 1 சரிவில் சிறு வாய்க்கால் எடுத்து, பொது வடிகாலில் சேருங்கள். பக்கத்து வயலின் வடிவாய்க்கால் உங்கள் தோப்பின் குறுக்கே போனால் அதை அடைத்துவிடக் கூடாது. ஊர்ச் சண்டைக்கு அது ஒன்றே போதும். 30 செ.மீ. ஹியூம் குழாய் போதாத இடத்தில் சின்னப் பாலமே போட்டுவிடுங்கள். 3 மீட்டர் வரை 100 மி.மீ. சேனல் இரண்டு தாராளமாகத் தாங்கும். பாலத்தின் இரு கரையிலும் மண் இறங்கும், பாலம் இறங்காது, அதனால் சேருமிடத்தில் படி விழும். அங்கே மட்டும் 2 மீட்டர் நீளத்துக்கு ஜல்லியின் கனத்தை இரட்டித்து, மழைக்குப் பின் முதலில் அந்த இடத்தைத் தூக்கிக் கட்டுங்கள்.

வயலை ஒட்டிய பக்கத்தில் நண்டு வளையையும் எலி வளையையும் கவனியுங்கள். வரப்பைத் துளைப்பதுபோல இந்த மேட்டையும் துளைக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஒரு நாள் வண்டி போகும்போது உள்வாங்கும். சரிவில் வெட்டிவேர் நட்டு, அடியில் ஒரு அடி உயரத்துக்கு உடைகல் பதித்தால் பெரும்பாலும் தப்பலாம்.

தண்டவாளத்துக்கு வெளிநாட்டில் அலுமினியத்தில் அச்சு ரயில் கிடைக்கிறது. நமக்கு 25×10 மி.மீ. இரும்புப் பட்டை, உயரவாட்டில் நிறுத்தி, போதும். மீட்டருக்கு 1.96 கிலோ. 154 மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 308 மீட்டர், 6 மீட்டர் பட்டையில் 52. வெட்டுச் சேதத்துக்கு 55 வாங்குங்கள், 650 கிலோ சுமார் வரும். ஸ்லீப்பருக்கு 35×35×5 ஆங்கிளில் 40 செ.மீ. துண்டு, 25 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் 616. ஆங்கிளின் ஒரு கால் கீழ்நோக்கி இருந்தால் ஜல்லியைக் கவ்விப் பிடிக்கும். தட்டைப் பட்டையில் ஸ்லீப்பர் செய்தால் வெயிலில் பாதை பக்கவாட்டில் நழுவும். வேதாரண்யம், நாகை போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் ஸ்லீப்பரைக் கால்வனைஸ் செய்யாமல் போடவே கூடாது. வைரம் பாய்ந்த பனங்கட்டை நல்ல மாற்று, பார்க்கவும் அழகு. அதில் பட்டையை நிறுத்திப் பிடிக்க ஒவ்வொரு இடத்திலும் சிறு ஆங்கிள் துண்டு வெல்ட் செய்து திருகாணி போட வேண்டும், வேலை இரட்டிப்பு.

வெல்டிங்கை 6 மீட்டர் சட்டமாக ஒரு ஜிக்கில் (துண்டுகளை அசையாமல் பிடிக்கும் தாங்கியில்) வைத்துச் செய்யுங்கள். ஒரு சட்டம் 48 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். பட்டைகளுக்கு நடுவே 184 மி.மீ. கட்டைகளை இறுக்கி வைத்து, வெளிப்பக்கம் மட்டும் 20 மி.மீ. தையலாக வெல்ட் அடியுங்கள். உள்பக்கம் வெல்ட் இருந்தால் சக்கர விளிம்பு அதில் ஏறும். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போகாமல் முனை, நடு, மறுமுனை என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அப்படியும் சட்டம் நடுவில் மேடாக வளையும், ஏனென்றால் வெல்ட் முழுக்கப் பட்டையின் அடியில் இருக்கிறது, ஆறும்போது அடி சுருங்குகிறது. ஜிக்கின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. தகடு வைத்து, நடுவைக் கீழே இழுத்துக் கட்டி அடித்தால் கழற்றும்போது சமமாக வரும். முதல் சட்டத்தைப் பார்த்துத் தகட்டின் கனத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வளைவில் உள்பட்டை சுற்றளவில் சின்னது என்பதை மறப்பவர்கள் அதிகம். 15 மீட்டர் ஆரத்தில் வெளிப்பட்டை 6 மீட்டர் என்றால் உள்பட்டை 77 மி.மீ. குட்டையாக வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் நாலு சட்டத்தில் இணைப்புகள் ஒரு அடி தள்ளிப் போய்விடும். வளைவில் கேஜை 186 ஆக விரித்தால் போதும்.

இணைப்பில் 150 மி.மீ. ஃபிஷ்பிளேட்டை (இரண்டு பட்டைகளைச் சேர்க்கும் தகட்டை) வெளிப்பக்கம் மட்டும் வையுங்கள். எம்6 போல்ட்டின் துளை பட்டையின் அடியிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். சக்கர விளிம்பு தண்டவாளத் தலையிலிருந்து 8 மி.மீ. கீழே இறங்கும், போல்ட் தலை அதற்கும் கீழே நின்றால்தான் தட்டாது. ஒரு பக்கத் துளைகளை நீளத் துளையாக எடுங்கள். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் இருக்கும் பட்டை சித்திரை வெயிலில் 60-ஐத் தொடும். 6 மீட்டர் இரும்பு அந்த 40 டிகிரிக்கு 2.9 மி.மீ. நீளும். அதிகாலைக் குளிரில் கோத்தால் 3 மி.மீ. இடைவெளி, நடுப்பகல் 40 டிகிரியில் கோத்தால் ஒன்றரை. இடைவெளியே விடாமல் கோத்த பாதை மே மாதத்தில் பாம்புபோல் நெளியும்.

கிளைப்பாதை வேண்டுமானால் முதல் பாயிண்ட்டை (பாதை பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் அமைப்பை) மொட்டைப் பாயிண்ட்டாகச் செய்யுங்கள். கத்திபோல் சீவிய பட்டை தேவையில்லை, பாதையின் நுனியே இரண்டு பக்கமும் நகர்ந்து எதிர்ப்பாதையோடு பொருந்தும். நுனியில் 4 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் வெயிலில் இறுகி நகராது. இரண்டு பட்டை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் காவல் பட்டைக்கான (சக்கரத்தை உள்பக்கமிருந்து பிடித்து வழிநடத்தும் துணைப் பட்டைக்கான) சந்து 8 மி.மீ. சக்கரங்களின் முதுகுக்கு முதுகு 171 மி.மீ., விளிம்பின் கனம் 5 மி.மீ. என்று வைத்தால் சந்து 6.5-க்கும் 8-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அதைவிடக் குறுகினால் சக்கரம் இறுகும், அகன்றால் விளிம்பு, பட்டைகள் வெட்டும் இடத்தின் கூர்மூக்கில் மோதி ஏறும். எல்லாச் சக்கர ஜோடியும் 171-ல் இருக்கிறதா என்று அச்சில் ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.

ஜல்லி 12 மி.மீ. அளவில், தூசி சலித்தது, ஸ்லீப்பருக்கு அடியில் 10 செ.மீ. கனம் வரும்படி, மூன்றரை, நாலு யூனிட் பிடிக்கும். முக்கால் ஜல்லி இந்தச் சின்ன ஸ்லீப்பருக்குக் கீழே பொருந்தி உட்காராது. மட்டம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவலும் ஒரு ரசமட்டமும் போதும். வளைவில் வெளிப்பட்டையை உயர்த்த வேண்டுமா என்று கேட்பார்கள். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் கணக்குப்படி ஆறரை மி.மீ. வருகிறது. அதை விட்டுவிடுங்கள். களிமண்ணில் அதைவிட அதிகமாகவே பாதை தானாக ஏறி இறங்கும். அந்த உழைப்பை முறுக்கு பார்ப்பதில் செலவிடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்குள் குறுக்கு மட்டம் 2 மி.மீ.க்கு மேல் மாறக் கூடாது. இந்த ரயில்கள் தடம் புரள்வதற்கு முதல் காரணம் கேஜ் பிசகு அல்ல, இந்த முறுக்குத்தான். மூன்று சக்கரம் தண்டவாளத்தில் அழுந்த, நாலாவது அந்தரத்தில் நிற்கும். அதன் விளிம்பு வளைவில் மேலே ஏறிவிடும்.

பெட்டியிலும் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பெட்டிக்கு அடியில் நாலு நாலு சக்கரமாகத் தாங்கும் இரண்டு போகியில் ஒன்றைப் பக்கவாட்டில் ஆடாமல் இரு தாங்கிகளின் மேல் உட்கார வையுங்கள். மற்றதை நடு முளையில் மட்டும் நிறுத்தி, எல்லாப் பக்கமும் சாய விடுங்கள். முக்காலிபோல் பெட்டி எப்போதும் பாதையோடு படியும். இரண்டையும் இறுக்கினால் நாலுகால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடுவது போலாகும். அச்சு 20 மி.மீ., பேரிங் கடையில் கேட்டால் உடனே கிடைக்கும் யூசிபி 204 போதும். சக்கரம் 150 மி.மீ. விட்டம், மிதிபரப்பு 20 மி.மீ. அகலம், 20-க்கு 1 சரிவு. ஒரே அச்சின் இரு சக்கர விட்டமும் 0.1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அச்சு நேர்ப்பாதையிலும் ஒரு பக்கமாக உரசிக்கொண்டே போகும். நாலு பெட்டிக்கும் இன்ஜினுக்கும் 40 சக்கரம் வேண்டும். இத்தனைக்கு இரும்பு உருளையை லேத்தில் அறுத்துக் கடைவதைவிட, ஒரு மர அச்சு செய்து வார்ப்பிரும்பில் வார்ப்பதே கட்டுப்படியாகும்.

போகிகளின் இரண்டு பக்கமும் தகட்டால் மூடி, கால் வைக்கப் பலகை கொடுங்கள். புடவை முந்தானை, வேட்டி நுனி, துப்பட்டா: நம் ஊரில் ஏறுகிறவர்கள் உடுத்தியிருப்பது இவைதான். சக்கரத்துக்கும் துணிக்கும் நடுவே தகடு இல்லாத பெட்டியில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம்.

இன்ஜினுக்கு இப்போது கணக்கு போடலாம். பத்துப் பேர், நாலு பெட்டி, இன்ஜின் எல்லாம் சேர்ந்து ஒரு டன். நல்ல பேரிங்கில் சமதரையில் உருட்ட 10 முதல் 15 கிலோ இழுவை வேண்டும். 100-க்கு 1 ஏற்றம் வந்தால் இன்னும் 10 கிலோ. மொத்தம் 25 என்று வைப்போம். காய்ந்த தண்டவாளத்தில் இன்ஜின் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இழுக்கும் என்பதால் எடை 125 கிலோவாவது வேண்டும், 150 வையுங்கள். மார்கழிப் பனியில் நனைந்த தண்டவாளத்தில் இந்தப் பிடி பாதியாகும். வெயில் ஏறிய பிறகு ஓட்டுங்கள், அல்லது இரண்டு பெட்டியைக் கழற்றுங்கள். 25 கிலோ இழுவை, 8 கி.மீ. வேகம்: 540 வாட். பேட்டரி சைக்கிளுக்கு வரும் 24 வோல்ட் 350 வாட் கியர் மோட்டார் இரண்டு, போகிக்கு ஒன்று, சைக்கிள் செயின் வழியாக இரண்டு அச்சையும் சேர்த்து ஓட்டட்டும். அந்த மோட்டார் நிமிடத்துக்கு 330 சுற்று வரும். செயின் சக்கரத்தில் 1.2 மடங்கு குறைத்தால் வேகம் 8 கி.மீ.க்கு அருகில் நிற்கும். இ-ரிக்‌ஷாவின் 12 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரி இரண்டு போதும். முழுப் பாரத்தில் 28 ஆம்பியர் சுமார் இழுக்கும், இரண்டு மணி நேரம் நிம்மதியாக ஓட்டலாம். ஃப்யூஸைக் கண்ட்ரோலர் பக்கம் வைக்காமல் பேட்டரி முனையிலேயே வையுங்கள்; நடுவே வயர் தேய்ந்து உரசினால் காப்பாற்றுவது அதுதான். பேட்டரியைச் சார்ஜ் போடும் கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும், தரையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இரண்டு அடி இருக்கட்டும்.

பிரேக் இன்ஜினில் மட்டும் இருந்தால் 8 கி.மீ. வேகத்தில் நிற்க 10 மீட்டர் பிடிக்கும், ஈரத்தில் 20. கடைசிப் பெட்டியிலும் ஒரு கைப்பிரேக் வைத்து, பெரியவர் ஒருவரை கார்டாக உட்கார வைத்தால் பாதியாகும். கொக்கி கழன்று பின்பெட்டிகள் தனியே நின்றாலும் அவர் பார்த்துக்கொள்வார்.

நீராவி இன்ஜின் ஆசை எல்லோருக்கும் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை இரண்டாவது இன்ஜினாக வையுங்கள். 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லரை 2025-ன் பாய்லர் சட்டமும், அதற்கு முன்பிருந்த திருத்தப்பட்ட 1923 சட்டமும் தம் வரம்பில் சேர்ப்பதில்லை. சட்டம் விட்டுவிட்டதால் சோதனையை விட்டுவிட முடியாது. புதிய பாய்லரை ஓடும் அழுத்தத்தின் இரண்டு மடங்குக்குக் குளிர்ந்த தண்ணீரால் அழுத்திப் பார்ப்பது உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் உள்ள வழக்கம். பிறகு அவ்வப்போது ஒன்றரை மடங்குக்கு. காற்றால் அழுத்திச் சோதிக்கவே கூடாது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. போர் தண்ணீர் குழாய்களில் உப்புப் படிய வைக்கும், மழைத் தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். பாய்லர் மேல் வரும் பித்தளைக் குமிழை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்களிடம் வார்க்கக் கொடுக்கலாம், மெருகும் அவர்களே போட்டுத் தருவார்கள். அது அலங்கார மூடி மட்டும்தான். அழுத்தம் தாங்கும் எந்தப் பாகத்தையும் அப்படிச் செய்யக் கூடாது.

வேலையின் காலக்கணக்கு வயலோடு ஒத்துப் போகட்டும். சம்பா அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் பூமி காய்ந்து லாரி இறங்கும்போது மேடு போடுங்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் வடிகால் தயாராக இருக்க வேண்டும். பிறகு அந்த மேட்டைத் தொடாமல் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நனைய விடுங்கள். அந்த மாதங்களில் பட்டறையில் சட்டங்களை வெல்ட் செய்து, சக்கரம் கடைந்து, ஒரு பெட்டியை மட்டும் முடிக்கலாம். தை பிறந்ததும் மேடு எங்கெங்கே இறங்கியது என்று டியூப் லெவலில் பார்த்து, கிராவல் நிரப்பி இடித்து, துணி விரித்து, ஜல்லி போட்டுப் பாதையைக் கோத்துவிடுங்கள். அந்த ஒற்றைப் பெட்டியில் நாலு சிமென்ட் மூட்டையை ஏற்றி, முதலில் இரண்டு பக்கமும் சமமாகவும், அடுத்து மூன்றை ஒரே ஓரத்தில் வைத்தும், கையால் தள்ளி இருபது சுற்று வாருங்கள். சக்கரம் தூக்குகிற, உரசுகிற இடத்திலெல்லாம் ஸ்லீப்பரில் சாக்பீஸால் கோடு போட்டு, கடப்பாரையின் தட்டை முனையால் அங்கே ஜல்லியை அடியில் குத்தி ஏற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் புதிதாக ஒரு கோடும் விழாத அன்று மோட்டாருக்குச் சொல்லி அனுப்பலாம்.